மேடைக்கு உப்பிட்டவர்

கூனிமேட்டிலே ஒரு கூட்டம். பேச்சு முடிந்தது, ஒலிபெருக்கி அடங்கிற்று, தோழர்கள் தோரணங்களை அவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். கடற்காற்று மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடை வாசலில் நாம் அமர்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சிலே உப்பளத் தொழிலாளர் நால்வர், ஒருவர் கையிலிருந்த செல்பேசியைச் சுற்றித் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்துக் கொண்டிருந்தனர். விடியுமுன் எழுந்து பாத்தியிலே இறங்க வேண்டியவர்கள்! தூக்கத்தை விற்று வாங்கிய சிரிப்பு எதுவென்று எட்டிப் பார்த்தோம். ஜில் ஜில் ரமாமணி! 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்திலே வாயாடி, வெகுளியாடி, நாதசுரத்தின் ஒலியைக் கேட்டுச் சொக்கிப்போய் நிற்கிறாரே, நம் ஆச்சி மனோரமா, அவரேதான்.

"ஆச்சியைப் பற்றி நம் ஏட்டிலே எழுத வேண்டும்" என்றோம் நாம்.

அருகே நின்ற இளந்தோழர் ஒருவருக்கு முகம் சுருங்கிற்று. "என்னண்ணே சொல்றீங்க? அந்தம்மா 96ல எதிரணி மேடையில நின்னு ஓட்டுக் கேட்டவங்க. அவங்களுக்கு நம்ம ஏட்டில எதுக்கண்ணே இடம்?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வியிலே காரம் இருந்தது. கட்சிப் பற்றும் இருந்தது. கேட்ட தம்பியை நாம் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு தேநீர் ஆறுவதற்குள் சொன்ன பதில் போதாது. முழுப் பதிலை இங்கே வைக்கிறோம். படித்துவிட்டுத் தம்பி முடிவு கட்டட்டும்.

முதலில் உப்பைப் பற்றி ஒரு சொல்.

மரக்காணத்து உப்பளங்களைச் சாலையில் போகிற காரிலிருந்து பார்க்கிறவன், "ஆகா, வெள்ளி மலை!" என்று வியந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த வெள்ளி எப்படி விளைகிறது என்பது கூனிமேட்டாருக்குத் தெரியும். உவர்நீரைப் பாத்தியிலே பாய்ச்சி, வெயிலிலே காயவிட்டு, படிந்த உப்பைப் பலகையால் வாரி, வரப்பிலே குவித்து, கூடையிலே அள்ளித் தலையிலே சுமந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். உப்புக்கு வெயில் வேண்டும். உழைப்பவன் கண்ணுக்கோ அதே வெயில் பகை. மழைக்காலம் வந்தால் பாத்தியும் ஓய்ந்து கிடக்கும், அடுப்பும் ஓய்ந்து கிடக்கும். இத்தனைக்கும் பிறகு அந்த உப்பு போய்ச் சேருகிற பந்தியிலே, "கறி அருமை, குழம்பு அருமை" என்பார்களே தவிர, "உப்பு அருமை" என்று சொன்னவனை எங்கேனும் கண்டதுண்டா? உப்பு இல்லாதபோதுதான் உப்பின் நினைவு வரும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

நாடகத்திலும் திரைப்படத்திலும் அப்படி ஓர் இனம் உண்டு. கதாநாயகன் பெயர் சுவரொட்டியிலே ஆளுயரம். கதாநாயகியின் படம் அதற்குப் பக்கத்திலே. அம்மாவாக, அத்தையாக, வேலைக்காரியாக, வெற்றிலை பாக்குக் கடைக்காரியாக வந்து கதையைத் தலையிலே சுமந்து செல்பவரின் பெயரோ கீழே, பொடி எழுத்திலே. 'குணச்சித்திர நடிகை' என்று மரியாதையாக அழைப்பார்கள். சம்பளம் கொடுக்கும்போது அந்த மரியாதை சற்று மெலிந்துவிடும். இந்த இனத்தின் தலைமகள் மனோரமா.

இன்னொரு செய்தி. இந்தக் கடற்கரைக்கும் கலைஞர்களின் பசிக்கும் பழைய உறவு இருக்கிறது. பத்துப்பாட்டிலே சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல். நல்லூர் நத்தத்தனார் பாடியது. வறுமையிலே வாடும் பாணனை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போ என்று வழிகாட்டுகிற பாட்டு. வழியிலே வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. அந்த நூலிலே ஒரு காட்சி. யாழ் மீட்டும் கலைஞனின் வீட்டிலே அடுப்பெரிய வழியில்லை. அவன் மனைவி குப்பையிலே முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, பிறர் கண்டால் வெட்கம் என்று வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உண்கிறாள்! உப்பு விளையும் கரைக்குப் போகிற கலைஞனின் வீட்டிலே உப்பில்லை! ஊரை மகிழ்விப்பவன் வீட்டிலே பட்டினி. அது வெளியே தெரியக்கூடாதென்று கதவடைப்பு. அரசர்கள் போனார்கள், அரண்மனைகள் போயின, கலைஞனின் வீட்டுக் கதவு மட்டும் அடைத்தபடியே இருந்தது, நம் காலம் வரையிலே.

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிறுமிதான் கோபிசாந்தா. 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியிலே பிறந்தவர். தாய் இராமாமிர்தம். தந்தை, தாயின் உடன்பிறந்தாளையே மறுமணம் செய்துகொண்டு, கட்டியவளைக் கைவிட்டார். கைக்குழந்தையோடு அந்தத் தாய் நடந்தார், செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு. அங்கே பெரிய வீடுகள். பெரிய வீடுகளிலே பற்றுத் தேய்க்கப் பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. தாய் வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். தாய் நோயிலே படுத்தபோது, பதினொரு வயதுச் சிறுமியின் பள்ளிப் படிப்பு நின்றது. புத்தகம் பிடித்த கை பாத்திரம் பிடித்தது.

தம்பி, உன் ஊரிலே இன்றைக்கும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டா இல்லையா? கணவன் கைவிட்டால் பெண் கூடையைத் தூக்குவாள். அவள் படுத்தால் மகள் கூடையைத் தூக்குவாள். அதற்கு 'விதி' என்று பெயர் வைத்தார்கள். விதியல்ல, இது மனிதன் வகுத்த அநீதி என்று எடுத்துச் சொல்லத்தான் ஈரோட்டுக் கிழவர் ஊர் ஊராகத் தடியூன்றி நடந்தார்.

பள்ளத்தூருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. நாடகத்தின் பெயர் 'அந்தமான் காதலி'. நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பாட வரவில்லை. ஊரிலே பாடித் திரிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை அழைத்து வந்து மேடையேற்றினார்கள். பாடினாள், பேசினாள், ஊர் கைதட்டியது. நாடகக்காரர்களே 'மனோரமா' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பிறகு வைரம் நாடக சபா. பிறகு எத்தனையோ ஊர்கள், கொட்டகைகள். மாட்டு வண்டிப் பயணம், விடிய விடிய நாடகம், விடிந்தால் அடுத்த ஊர். கொட்டகையின் கடைசி வரிசையிலே தரையில் உட்கார்ந்திருக்கிற உழவனின் காதுக்கும் எட்ட வேண்டும் குரல். எழுத்தறிவு குறைவானால் என்ன? பாடத்தைச் செவியிலே வாங்கி நெஞ்சிலே நிறுத்தினார். அந்தப் பட்டறையிலே அடித்துத் தீட்டிய குரல் அது!

அந்தக் காலத்திலேதான் நம் இயக்கமும் நாடக மேடையைக் கையிலெடுத்தது. ஏடு நடத்தக் காசில்லை. எழுத்துப் படித்தவர் தொகை குறைவு. வானொலி நமக்கு எட்டாக்கனி. ஆகவே அண்ணா நாடகம் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்ய'த்திலே காகபட்டராக வேடமும் கட்டினார். நடிகவேள் ராதா கர்ஜித்தார். கலைவாணர் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தார். "கூத்தாடிகள்!" என்று எள்ளி நகையாடினார்கள் மாற்றார். கூத்தாடிகள்தாம்! கோட்டையிலே கொடி மாறுமென்று நடித்துக் காட்டிய கூத்தாடிகள். 1967இலே அதை நடத்தியும் காட்டிய கூத்தாடிகள்!

அந்த மேடையிலே மனோரமா நின்றார். இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராசேந்திரன் தம் நாடகக் குழுவிலே அவருக்கு இடம் தந்தார். கலைஞரின் 'மணிமகுடம்' நாடகத்திலே நடித்தார். 'உதயசூரியன்' நாடகத்திலே கலைஞருக்கு இணையாகவே நடித்தார். அண்ணாவின் நாடக மேடையும் அவரைக் கண்டிருக்கிறது. தாளிலே கிடந்த கொள்கைக்கு உயிரும் குரலும் கொடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களின் நெஞ்சிலே இறக்கியவர்கள் இப்படிப்பட்ட கலைஞர்களே அல்லவா?

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மேடைகளிலே வசனம் பேசிய ஆடவர் பலருக்கு அரசியலிலே பாதை திறந்தது. எஸ்.எஸ்.ஆர். 1962இலே தேனியிலிருந்து சட்டமன்றம் புகுந்தார். மகிழ்ச்சி, வரலாறு. அதே மேடையிலே, அதே விளக்கொளியிலே, பக்கத்திலே நின்று பேசிய பெண்களுக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் கைதட்டல். கைதட்டல் ஓய்ந்த பிறகு, "நாடகக்காரி" என்ற பெயர். சுயமரியாதை பேசிய நாமும் அந்தக் கணக்கிலே முழுத் தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று மார்தட்ட முடியாது.

1958இலே, அப்போது கழகத்திலே இருந்த கவிஞர் கண்ணதாசன், தாம் எடுத்த 'மாலையிட்ட மங்கை' படத்திலே மனோரமாவுக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். கதாநாயகி ஆகலாம் என்று கனவு கண்ட பெண்ணுக்கு அது கசந்தது. கதாநாயகிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான், சிரிக்க வைப்பவளுக்கோ ஆயுள் முழுதும் வேலை இருக்கும் என்பது கவிஞர் சொன்ன நியாயம். மனோரமாவே இதைப் பலமுறை நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார். 1963இலே 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் கவிஞரின் கணக்கே வென்றது. கதாநாயகிகள் வந்தார்கள், போனார்கள், ஆச்சி இருந்தார். நாகேசோடு நடித்தார், சோவோடு நடித்தார், சுருளிராஜனோடு நடித்தார். சிவாஜி படத்திலும் அவர், எம்.ஜி.ஆர். படத்திலும் அவர், கமல், ரஜினி, விஜயகாந்த், பார்த்திபன் படங்களிலும் அவர்!

அவர் தொழிலின் சூட்சுமம் எது என்று கேட்டால், பேச்சு என்போம். தஞ்சைத் தரணியிலே பிறந்து செட்டிநாட்டிலே வளர்ந்த பெண். 1967இலே 'அனுபவி ராஜா அனுபவி'யிலே தூத்துக்குடித் தமிழ் பேசினார். 1968இலே 'பொம்மலாட்ட'த்திலே சென்னைத் தெருத் தமிழிலே பாடினார், சொந்தக் குரலிலே. அதே 1968இலே ஜில் ஜில் ரமாமணியாக நாடகக் கொட்டகைத் தமிழ் பேசினார். இரண்டே ஆண்டுக்குள் மூன்று தமிழ்! எந்த ஊர்ப் பேச்சையும் கேலிப் பொருளாக்காமல், அந்த ஊர்க்காரியாகவே மாறிப் பேசினார். அதனால்தான் தூத்துக்குடி அவரைத் தன் மகள் என்றது, சென்னையும் தன் மகள் என்றது.

ரமாமணியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஊர் ஊராகச் செல்லும் நாடகக்காரி, படிப்பில்லை, பட்டமில்லை. ஆனால் வித்துவானின் நாதசுரத்தைக் கேட்டதும் அவள் கண்ணிலே வருகிற மரியாதை, சபையிலே தலையாட்டும் பெரிய மனிதர் எவர் கண்ணிலும் வரவில்லை. உழைக்கிற கலைஞரின் அருமை இன்னொரு உழைக்கிற கலைஞருக்கல்லவா தெரியும்! சிவாஜியும் பத்மினியும் கோலோச்சிய படத்திலே, சில காட்சிகளே வருகிற அந்தப் பெண்ணை அரை நூற்றாண்டு கடந்தும் கூனிமேட்டுப் பெஞ்சிலே சிரித்துக் கொண்டாடுகிறார்கள் என்றால், அது சுவரொட்டி எழுத்தின் அளவால் வந்த புகழா?

1986இலே 'சம்சாரம் அது மின்சாரம்'. வேலைக்காரி கண்ணம்மா. படித்தவர்களெல்லாம் வாயடைத்து நிற்கிற வீட்டிலே, வம்புக்கு வந்த சம்பந்தியை ஓட ஓட விரட்டுகிற வாய் வேலைக்காரியின் வாய்! பள்ளத்தூரிலே பாத்திரம் தேய்த்த சிறுமி அங்கே பேசினாள் என்றே நாம் கொள்கிறோம். வேலைக்காரியை நாடகத்தின் தலைப்பிலே ஏற்றியவர் அண்ணா; அந்த வேலைக்காரியை வீட்டுக் கூடத்தின் நடுவிலே நிமிர்ந்து நிற்க வைத்தவர் மனோரமா. 1989இலே 'புதிய பாதை'. குப்பத்து மூதாட்டியாக வந்து, துணை நடிகைக்கான தேசிய விருதைக் கொண்டுபோனார். 1996இலே 'இந்தியன்'; இழப்பீட்டுப் பணத்துக்காக அலுவலக வாசலிலே அலைக்கழிக்கப்படுகிற ஏழைப் பெண். சில நிமிடக் காட்சிதான். கையூட்டு என்னும் நோயைப் பற்றி நாம் நூறு மேடையிலே பேசுவதை, மடியிலே முடிந்த காசைத் தேடுகிற ஒரு கிழவியின் முகம் சொல்லிவிட்டது.

புகழ்மாலை மட்டுமே தொடுப்பது நம் வேலையல்ல. திரையுலகம் அவரைப் பயன்படுத்திய விதத்திலே குறையும் உண்டு. பெண் வாய் திறந்தால் அது 'வாயாடித்தனம்' என்று சிரிக்க வைக்க அவரையே கருவியாக்கினார்கள். பல்லைப் பெரிதாக்கி, உடலைக் கேலியாக்கிக் காசு பார்த்தார்கள். கிடைத்த வேடத்தை வேண்டாம் என்று ஒதுக்குகிற நிலையிலே குணச்சித்திர நடிகை இருப்பதில்லை. கூலிக்குப் போகிறவன் பாத்தியைத் தேர்ந்தெடுக்க முடியுமா? ஆனால் கேலிக்கென்று கொடுத்த வேடத்திலும் கடைசியிலே ஒரு கண்ணீர்த் துளியை வைத்து, சிரித்தவனைத் தலைகுனிய வைத்தார் பாருங்கள், அதுதான் அவர் எடுத்த வேலைநிறுத்தம்!

சொந்த வாழ்விலும் சுகம் குறைவு. 1964இலே காதல் மணம், 1966இலே மணவிலக்கு. தாயைப் போலவே கைக்குழந்தையோடு தனித்து நின்றார் மகளும். ஒரு வேறுபாடு உண்டு. தாய்க்கு மாற்றான் வீட்டு அடுப்படிதான் புகலிடமாயிற்று. மகளுக்குத் தொழில் இருந்தது. தன் கூலி தன் கையிலே இருந்தது. ஒரு பெண்ணுக்குத் தொழிலும் வருமானமும் ஏன் வேண்டும் என்று பெரியார் மணிக்கணக்கிலே பேசியதற்கு இந்த இரண்டு தலைமுறைக் கதையே போதிய சான்று.

1985இலே, ஆயிரம் படங்களைக் கடந்தவர் என்று கின்னஸ் சாதனை ஏட்டிலே அவர் பெயர் ஏறிற்று. 2002இலே பத்மஸ்ரீ. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்து என்.டி. ராமராவ் என்று ஐந்து முதலமைச்சர்களோடு கலைத்துறையிலே பணியாற்றியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

இனி, தம்பியின் கேள்விக்கு வருகிறோம்.

ஆம், 1996ஆம் ஆண்டுத் தேர்தலிலே மனோரமா அ.தி.மு.க.வுக்காக மேடையேறினார். நம் அணிக்கு ஆதரவு தெரிவித்த ரஜினிகாந்தைக் கடுமையாகவே தாக்கிப் பேசினார். அந்தப் பேச்சை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. மக்களும் ஏற்கவில்லை, தீர்ப்பு நம் பக்கம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். படவாய்ப்புகள் சுருங்கின. ஆயிரம் படம் நடித்தவருக்கு வேலையில்லை! அப்போது யார் அழைத்தார்? தாக்கப்பட்ட அதே ரஜினிகாந்த். 1997இலே 'அருணாசலம்' படத்திலே வேடம் கொடுத்து மீண்டும் அழைத்து வந்தார். இதை மனோரமாவே வெளிப்படையாகச் சொல்லி நன்றி பாராட்டினார். ஏசியவருக்கு வேலை கொடுத்தவர் உயர்ந்தார்; வாங்கிய உதவியை மறைக்காமல் சொன்னவரும் உயர்ந்தார். இடையிலே சிறுத்தது, காற்றடிக்கும் பக்கம் பார்த்து வாசலைச் சாத்திய கூட்டம் ஒன்றுதான்.

2015 அக்டோபர் 10ஆம் நாள், 78ஆம் வயதிலே ஆச்சி மறைந்தார். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா நேரிலே வந்து அஞ்சலி செலுத்தினார். கலைஞரும் கலங்கி இரங்கல் தெரிவித்தார். பதினெட்டாண்டுக்கும் மேற்பட்ட அந்தத் தேர்தல் மேடையைக் கலைஞர் நெஞ்சிலே வைத்திருக்கவில்லை. தம்மோடு நாடக மேடையிலே நின்ற பெண்ணைத்தான் வைத்திருந்தார். மாற்றார் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டென்று நமக்குச் சொல்லித் தந்தவர் அண்ணா. இதுவோ மாற்றார் தோட்டத்து மல்லிகைகூட அல்ல. நம் தோட்டத்திலும் பூத்த மல்லிகை!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பிட்டவர் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு நினை என்று அவர்கள் சொல்லவில்லை. நம் மேடை வறுமையிலே வாடிய நாளிலே அதற்கு உப்பிட்டவர்களிலே ஒருவர் மனோரமா. ஒருமுறை ஓட்டுக் கேட்ட குரலை எண்ணி அரை நூற்றாண்டு உழைப்பை அழிப்போமானால், நாம் உப்பின் சுவை அறியாதவர்களாகி விடுவோம். உப்பளக் கரையிலே நின்று அந்தப் பாவத்தைச் செய்யலாமா?

கடைசியாகக் கூனிமேட்டுத் தோழர்களுக்கு ஒன்று. செல்பேசியிலே ஆச்சியைக் கண்டு கைதட்டினீர்கள், நன்று. நாளை உங்கள் ஊர்க் கலை நிகழ்ச்சியிலே, உங்கள் வீட்டுப் பெண், உங்கள் மகளோ தங்கையோ, "நானும் மேடையேறிப் பேசுகிறேன்" என்றால் என்ன சொல்வீர்கள்? "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கதவை அடைப்பீர்களா? பாணன் மனைவி பசிக்கு வெட்கி அடைத்த கதவை, நாம் பெண்ணின் திறமைக்கு வெட்கி அடைக்கலாகாது. திறந்து விடுங்கள். முன்வரிசையிலே நீங்களே உட்காருங்கள். அவள் தடுமாறினால் முதற் கைதட்டல் உங்களுடையதாகட்டும்.

கேள்வி கேட்ட தம்பியும் அந்த வரிசையிலே இருப்பார் என்று நாம் நம்புகிறோம். அவருக்கும் ஒரு தங்கை உண்டாம், நன்றாகப் பாடுவாளாம்.